அண்ணன் வெளியே போயிருக்கார்

அவளுக்கு மந்திரி என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். வங்கியில் உட்கார்ந்து வைத்த பெயர் அது. கல்விக் கடன் விண்ணப்பத்தைப் புரட்டிய மேலாளர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அரசியல் அறிவியலா? இதைப் படிச்சா என்னங்க சம்பளம் கிடைக்கும்?" என்று கேட்டார். கேள்வி அவளுக்கு இல்லை, ஜாமீன் கையெழுத்துப் போட வந்திருந்த அண்ணனுக்கு. அண்ணன் லிப்ட் மெக்கானிக். வேலைச் சட்டையோடு வந்திருந்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை. ஒரு நொடிகூட யோசிக்காமல், "மந்திரி சம்பளம் சார்" என்றார்.

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே கடனுக்கும் தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவள் மந்திரி.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்ட வீடு அது. தங்கையை வளர்த்து ஆளாக்கியது அண்ணன்தான். அண்ணி வந்தாள், மகள் பிறந்தாள், மந்திரியும் கூடவே இருந்தாள். குடியிருந்தது மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீடு. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. "ஊர்ல இருக்கிற லிப்டையெல்லாம் ஓட வைக்கிறேன், என் வீட்டுக்கு நான் மூச்சு வாங்கிட்டு ஏறுறேன்" என்று அண்ணன் தினமும் வாசலில் நின்று சொல்வார். தினமும் யாராவது சிரிப்பார்கள்.

மந்திரி ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கடனில் குதிக்கவில்லை. கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு படிப்புக்கும் எதிரே, படித்து முடித்தவர்களின் சராசரிச் சம்பளம் என்று ஒரு தொகை எழுதி ஒட்டியிருந்தார்கள். அரசியல் அறிவியலுக்கு எதிரே இருந்த தொகை பெரிதுமில்லை, மோசமுமில்லை. மாதத் தவணையைக் கழித்தாலும் கையில் கொஞ்சம் நிற்கும் என்று தோன்றியது. அந்தச் சராசரிக்குள், சொந்த அப்பாவின் கம்பெனியில் நேரே போய் நிர்வாகி நாற்காலியில் உட்கார்ந்த ஒருவன் இருந்தான் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவனை எடுத்துவிட்டால் பலகையில் இருந்த தொகை பாதியாகச் சரிந்துவிடும்.

படிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் பொய்யில்லை. ஒரு சட்டம் எப்படி உருவாகிறது, யார் பேச்சு எடுபடுகிறது, யார் பேச்சு எடுபடாமல் போகிறது என்றெல்லாம் படித்தபோது, இத்தனை நாள் தெருவில் மூடிக்கிடந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பது போல் இருந்தது. ஆனால் பட்டம் வாங்கி வெளியே வந்தபோது வேலை எந்த ஜன்னலிலும் நிற்கவில்லை. கருத்துக்கணிப்பு எடுக்கும் நிறுவனம் ஒன்றில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். டியூஷன் எடுத்தாள். கடைசியில் நகராட்சி அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்தாள். தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை பொங்குகிறது என்று மக்கள் போனில் கத்துவார்கள். அதைக் கேட்டு, எந்தப் பொறியாளர் தலையில் கட்ட வேண்டுமோ அவர் தலையில் கட்டுவது அவள் வேலை. சம்பளத்தில் தவணை கட்டினால் பஸ்ஸுக்கு இருக்காது. பஸ்ஸுக்கு எடுத்து வைத்தால் தவணை துண்டு விழும். துண்டு விழுந்ததையெல்லாம் அண்ணன் கட்டினார்.

"இந்த மாசம் நான் பாத்துக்கறேன், மந்திரி. நீ ஆட்சியைப் புடிச்சதும் வட்டியோட வாங்கிக்கறேன்" என்பார்.

அவள் அதற்குச் சிரிப்பாள். சிரித்துவிட்டு அறைக்குள் போய், எத்தனையாவது 'இந்த மாசம்' இது என்று நினைத்துக்கொள்வாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் கடன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பேச்சு வருவது நின்றுபோனது, கடன் நிற்கவில்லை.

அண்ணன் ஒரு மத்தியான வேளையில் இறந்தார். அலுவலகக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், லிப்ட் மோட்டார் இருக்கும் அறையின் படியில் உட்கார்ந்த வாக்கிலேயே. டீ கொண்டுபோன காவலாளி, களைத்துப்போய்க் கண்ணயர்ந்திருக்கிறார் என்று நினைத்து டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிவிட்டான். டம்ளரை எடுக்கத் திரும்பி வந்தபோது டீ அப்படியே ஆறிக்கிடந்தது. மாரடைப்பு என்றார்கள்.

சாவு வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்வது வழக்கம்தான். சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூட்டத்தின் நடுவில் சொன்னார்: "கட்டணும் கட்டணும்னு ஓடி ஓடியே போயிட்டானே! எவ்வளவு ஓவர்டைம் பார்த்தான்! யாருக்காகப் பார்த்தான்!"

அவர் மந்திரியைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த 'யாருக்காக' நேராக வந்து அவள் மேல் உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. பல் தேய்க்கும்போது உட்கார்ந்திருந்தது. புகார் எழுதும்போது உட்கார்ந்திருந்தது. அதுவரை தராசின் ஒரு தட்டில் படிப்பும் இன்னொரு தட்டில் கடனும் இருந்தன. இப்போது கடன் தட்டில் அண்ணனும் ஏறிவிட்டார். எந்தச் சம்பளத்தைக் கொண்டுவந்து வைத்து அதை நிமிர்த்துவது?

அண்ணனுடைய கைப்பேசியை அண்ணி அணைத்து அலமாரியில் போட்டிருந்தாள். தெரிந்தவர்களுக்குத் தகவல் சொல்ல எண்கள் வேண்டும் என்று மந்திரி அதை வாங்கிக்கொண்டாள். அலுவலகத்துக்குக் கொண்டுபோய் உயிர் கொடுத்தாள். அடுத்த வாரமே அதில் ஓர் அழைப்பு வந்தது. விண்ணப்பம் போட்ட காலத்தில் அவளிடம் கைப்பேசி இல்லாததால், தொடர்பு எண் என்ற இடத்தில் அண்ணனுடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

"வணக்கம் மேடம், வங்கியிலிருந்து பேசறோம். சார் இருக்காரா?" ஜலதோஷம் பிடித்த மாதிரி கரகரத்த ஆண்குரல்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஆள் பக்கத்தில் இல்லை என்பது ஒன்று. ஆளே இல்லை என்பது இன்னொன்று. எதைச் சொல்வது என்று தடுமாறி, "அண்ணன் வெளியே போயிருக்கார்" என்று சொல்லிவிட்டாள்.

"தவணை தாமதமாயிருக்கு மேடம். வந்ததும் சொல்லிடறீங்களா?"

"சொல்றேன்."

கைப்பேசியை வைத்தாள். நெஞ்சில் ஏதோ ஒன்று இளகியிருந்தது. ஊரெல்லாம் அண்ணனை இறந்தவர் என்றது. நகராட்சியே, அவள் வேலை பார்க்கும் அதே கட்டடத்திலேயே, முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. அண்ணனை இன்னும் உயிரோடு விசாரிக்கிற ஒரே குரல், கடனைக் கேட்கிற குரல்தான்.

அவள் தவணையைக் கட்டிவிட்டாள். அடுத்த மாதம் அழைப்பு வரவில்லை. ஏன் வரும்? தாமதமானால்தானே வரும். அதற்கு அடுத்த மாதம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கட்டாமல் விட்டாள்.

"சார் இருக்காரா மேடம்?"

"ஒரு ஆபீஸ்ல லிப்ட் நடுவுல நின்னு போச்சு. உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்களாம். அங்க போயிருக்கார்."

"அய்யய்யோ. சரிங்க மேடம், பாவம், வேலையைப் பாக்கட்டும். நான் அப்புறமா கூப்பிடறேன்."

அப்படித்தான் அது பழக்கமாயிற்று. மாதாமாதம் மதிய உணவு வேளையில், பழைய கோப்புகள் அடுக்கிய மாடிப்படிக்குக் கீழே நின்று, அண்ணன் எங்கே போயிருக்கிறார் என்று அவள் சொல்வாள். ஆஸ்பத்திரியில் புது லிப்ட் பொருத்துகிறார். ஓட்டலில் கேபிள் மாற்றுகிறார். இன்றைக்கு மேலே மோட்டார் அறையில் இருக்கிறார், அங்கே சிக்னல் கிடைக்காது. கரகரக் குரல்காரனும் மெல்ல மெல்ல அண்ணனோடு பழகிவிட்டான். "சார் ஓய்வே எடுக்க மாட்டாரா மேடம்?" என்று ஒருமுறை கேட்டான். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று இன்னொரு முறை சொன்னான். அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை.

பிசகு எங்கே என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தாமதத்துக்குத் தனி வட்டி, அந்த வட்டிக்கு மேல் வட்டி. புகார்ப் பிரிவில் வேலை நிரந்தரமாகி, முன்தேதியிட்ட சம்பள பாக்கி மொத்தமாக வந்தது. அதைக் கொண்டு கடனை ஒரேயடியாக அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். வங்கி வாசல் வரை போனாள். கதவைத் தள்ளக் கையை வைத்தாள். உள்ளே போய்ப் பணத்தைக் கட்டிவிட்டால், இனிமேல் யாரும் "சார் இருக்காரா" என்று கேட்க மாட்டார்கள். பின்னால் வந்த ஆள், "உள்ள போறீங்களா இல்லையா?" என்றார். அவள் வழிவிட்டு ஒதுங்கி, அப்படியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

சொல்லிச் சொல்லிப் பொய்க்கு உடம்பு முளைத்துவிட்டது. உயரமான கட்டடத்தைக் கடந்தால் கண் தானாக மொட்டை மாடிக்குப் போகும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது, வாசலில் பெரிய செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டோமே என்று திடுக்கிட்டு, அண்ணி கவனித்தாளா என்றும் பார்ப்பாள். அண்ணி மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வதே கிடையாது. பேசினால் மற்றவள் உடைந்துவிடுவாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள்.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அண்ணன் மகள் பள்ளியை முடித்தாள். அவளும் அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்றாள்.

"வேற எதுவும் கிடைக்கலையாடி உனக்கு?" என்றாள் மந்திரி.

"நீங்க சாப்பிடறப்போ பேசறதையெல்லாம் கேட்டுத்தான் அத்தை ஆசை வந்துச்சு. இப்ப வேண்டாம்னா?"

வெளியூரில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. கட்டணம் யானை விலை. வீட்டில் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள் என்று, அவளே ஒரு நாள் காலையில் கடன் விசாரிக்க வங்கிக்குப் போனாள். குடும்பத்துக்குப் பழக்கமான வங்கி என்று, மந்திரி கடன் வாங்கிய அதே வங்கிக்குப் போனாள்.

சாயங்காலம் மந்திரி வீட்டுக்கு வந்தபோது, அவள் கூடத்தில் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணி சுவரோரமாக நின்றிருந்தாள். முகம் வெளிறிக்கிடந்தது.

"அத்தை, அப்பா வெளியே போயிருக்காராமே?" என்றாள் மகள்.

மந்திரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் விண்ணப்பத்துல அப்பா காலமாயிட்டார்னு எழுதினேன். அந்த ஆபீசர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, 'உங்க அப்பா ஜாமீன் போட்ட கடன் மாசாமாசம் தாமதமா வருது. போன மாசம்கூட வேலைக்குப் போயிருக்கார்னு பதிவாயிருக்கு. அப்பா இருக்காரா இல்லையா, சரியாச் சொல்லும்மா'ங்கறார். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. கடனுக்காக அப்பாவைச் சாகடிக்கிறேன்னு நினைச்சிருப்பாங்க அத்தை. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு. எங்கேயாவது இருக்காரோன்னு."

மந்திரி கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து மேசை மேல் வைத்தாள். ஓரத்தில் கண்ணாடி கீறிய, அண்ணனுடைய கைப்பேசி. ஒன்றையும் மறைக்காமல், முதல் அழைப்பிலிருந்து வங்கிக் கதவு வரை சொன்னாள்.

அண்ணி திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அண்ணி கைப்பேசியைக் கையில் எடுத்து, தணிந்த குரலில் கேட்டாள்: "எங்க போயிருக்கார்னு சொல்லுவ?"

"என்ன அண்ணி?"

"அவங்க கேக்கும்போது. எங்க போயிருக்கார்னு சொல்லுவ?"

மந்திரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். நடுவில் நின்ற லிப்ட், ஓட்டல் கேபிள், ஆஸ்பத்திரி.

"ஆஸ்பத்திரியா?" என்றாள் அண்ணி. "ஆஸ்பத்திரி வேலைன்னாலே அவருக்கு ஆகாதே. அந்த மருந்து வாடைக்கு வாந்தி வரும்பாரே. அங்கெல்லாம் போக மாட்டார்." சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகத் திரும்பியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்து நிமிர்ந்தபோது கண்ணில் கோபம் இருந்தது. "இவ்வளவு நாளா நீ மட்டும் அவரை வச்சிருந்திருக்க. பக்கத்து ரூம்லதானே நான் இருந்தேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் எங்கேயோ வேலையா போயிருக்கார்னு என்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல?"

வட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் மந்திரியை அதிகமாகக் குத்தியது.

அன்றைக்கு யாரும் சமைக்கவில்லை. கடையில் ரொட்டி வாங்கிவந்து மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மகள்தான் முதலில் பேச்சை எடுத்தாள். அவளும் கல்லூரிகள் சொல்லும் சம்பளக் கணக்கையெல்லாம் பார்த்து வைத்திருந்தாள்.

"அத்தை, சுத்தி வளைக்காம சொல்லுங்க. உங்களுக்கு இந்தப் படிப்பு லாபமா நஷ்டமா?"

"ஆரம்பத்துல சுத்த நஷ்டம். ஆறேழு வருஷம் கடன்தான் என்னைத் தின்னுச்சு. இப்ப சம்பளம் பரவாயில்ல. காசை மட்டும் பார்த்தா, ஓய்வு பெறதுக்குள்ள லாபத்துல வந்துடுவேன்." நிறுத்தினாள். "ஆனா அண்ணனை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு தெரியல. எனக்காகத்தானே ஓடினார்?"

அப்படியெல்லாம் இல்லை, அவர் விதி அது என்று அண்ணி சொல்வாள் என்று மந்திரி காத்திருந்தாள். இத்தனை நாளும் அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தாள் என்றும் சொல்லலாம்.

அண்ணி ரொட்டியைப் பிய்த்தபடி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கடன் இல்லன்னாலும் ஓடியிருப்பார். அவருக்கு வீட்ல உக்காந்தா கால் நிக்காது. ஆனா, கொஞ்சம் மெதுவா ஓடியிருப்பார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல உனக்கு ஆறுதல் சொல்லணும்னா பொய்தான் சொல்லணும். பொய் இந்த வீட்ல போதும்."

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு மந்திரி வங்கிக்குப் போனாள். இறப்புச் சான்றிதழைக் கொடுத்தாள். மீதிக் கடனை வட்டி, தாமத வட்டி எல்லாம் சேர்த்துக் கட்டினாள். சம்பள பாக்கியில் வந்த பணம் துடைத்துப்போட்ட மாதிரி காலியாயிற்று. நேரத்துக்குக் கட்டியிருந்தால் மகளின் முதல் வருஷக் கட்டணத்துக்கு அதிலேயே மிச்சம் இருந்திருக்கும். அதையும் அவள் மகளிடம் மறைக்கவில்லை. மகள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

கரகரக் குரல்காரனிடம் அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.

"எப்ப மேடம்?"

"நீங்க முதல் தடவை கூப்பிடறதுக்கு முந்தின மாசம்."

"அப்ப அந்த லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்க?"

"அப்படி யாரும் இல்லைங்க."

"நான் வீட்ல போய் சொன்னேன் மேடம். இந்த மாதிரி ஒருத்தர், எப்பவும் யாரையாவது வெளியே எடுத்துவிட்டுக்கிட்டே இருப்பார்னு." அவன் தொண்டையைச் செருமினான். "சரிங்க. கணக்கை முடிச்சுடறேன்." வைத்துவிட்டான்.

மகள் அரசியல் அறிவியலை விடவில்லை. வெளியூர்க் கல்லூரியை விட்டாள். உள்ளூரிலேயே குறைந்த கட்டணத்தில் அதே படிப்பு இருந்தது. கட்டடம் பழசு, நூலகத்தில் மின்விசிறி சத்தம் போடும், பெயரைச் சொன்னால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஆனால் அங்கே சேர யாரும் யாருக்கும் ஜாமீன் நிற்க வேண்டாம். மந்திரி, "நான் கையெழுத்துப் போடறேன், நீ ஆசைப்பட்ட இடத்துலயே படி" என்றபோது, மகள் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் அத்தை. எனக்குப் பின்னால யாரும் ஓட வேண்டாம்."

கல்லூரி நேரம் போக அம்மாவின் கண்ணாடிக் கடையிலேயே விற்பனையில் நின்று, கட்டணத்தில் பெரும் பங்கை அவளே கட்டினாள்.

கடன் முடிந்த பிறகு முதல் சம்பளம் முழுசாக மந்திரி கையில் வந்தது. தவணைக்கு எடுத்து வைக்க வேண்டாத சம்பளத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. வேறு யாருடைய பணமோ தவறி வந்துவிட்டது போல அதைத் தொடவே பயமாக இருந்தது. மாதக் கடைசி வரை அப்படியே கிடந்தது. விஷயம் தெரிந்ததும் அண்ணி, "பேய் மாதிரி அதைப் பாத்துக்கிட்டே இருக்காம எடுத்துட்டு வா, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாகவே அடித்தார்கள். மகள் நீலம் என்றாள், அண்ணி வெள்ளை என்றாள். கடைசியில் இரண்டும் இல்லாத ஒரு நிறம் சுவரில் ஏறியது. வேலை செய்யும்போது அண்ணி, கேட்காமலேயே, கல்யாணமான புதிதில் அவர் செய்த கூத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மந்திரிக்குத் தெரியாத கதைகள் அவற்றில் நிறைய இருந்தன. பாதியில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கேயோ பெரிய குழாய் உடைந்து தெருவே மிதக்கிறதாம், புகார் குவிகிறதாம். அவள் முழங்கையில் பட்ட பெயிண்டை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"சாப்பிட வந்துடுவியா?" என்று அண்ணி ஏணி மேலிருந்து கேட்டாள்.

"தெரியல அண்ணி. நேரமானா நீங்க சாப்பிட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.